தீனிக்கு ஒரு கூரை, வண்டிக்கு ஒரு கூரை

நைனார்பாளையத்தில் உழவர்களுக்கும் வாகனம் வைத்திருப்போருக்கும் ஆற்றிய உரை



ஷெட்டில் நிற்கும் காரை எலியிடமிருந்து எப்படிக் காப்பது என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இந்த ஊரில் கார் யாருக்காக நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாங்கிக் கொடுத்த பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான், துபாயில் இருக்கிறான், இல்லையென்றால் பெங்களூரில் இருக்கிறான். வண்டி இங்கே அப்பா அம்மாவோடு இருக்கிறது. பொங்கலுக்கு ஓடும், ஊர்த் திருவிழாவுக்கு ஓடும், வீட்டில் நல்லது கெட்டது வந்தால் ஓடும். மற்ற நாளெல்லாம் கவர் போர்த்தி நிற்கும். அப்படி நிற்கும் வண்டியைத்தான் ஒரு நாள் நடுராத்திரியில், நெஞ்சு வலிக்கிறது என்று பெரியவர் ஒருவர் சொல்லும்போது, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாவியைத் திருகினால் வண்டி கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்தால் வயர் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்த ராத்திரியை மனத்தில் வைத்துத்தான் நான் பேசுகிறேன். பணச்செலவு இரண்டாவதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலி காரைத் தேடி வருவதில்லை. அது தீனியைத் தேடி வருகிறது. வந்த இடத்தில் இருட்டாக, மழை படாமல், யாரும் கை வைக்காத ஒரு பொந்து இருந்தால் அங்கேயே குடும்பம் நடத்துகிறது. நம் ஊரில் அந்தப் பொந்து கார். இன்று நான் சொல்லப்போகும் எல்லா வழிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவைதான்.

நம் ஷெட்டுகளை நினைத்துப் பாருங்கள். காருக்கென்றே தனியாக அறை கட்டியவர்கள் குறைவு. வீட்டுச் சுவரை ஒட்டித் தகரம் இறக்கி, முன்னால் ஒரு ஷட்டரோ கேட்டோ போட்டுக் கார் ஷெட் என்கிறோம். மக்காச்சோள மூட்டை அங்கேதான் அடுக்குகிறோம். மாட்டுத் தீவனம் அங்கே, புண்ணாக்கு அங்கே, உடைக்காத மல்லாட்டை மூட்டை அங்கே. விலை ஏறட்டும் என்று பருத்தியையும் அங்கேதான் போட்டு வைக்கிறோம். ஷெட்டுக்குப் பின்னால் சோளத்தட்டையும் வைக்கோல் போரும். சாப்பாடு, படுக்க மெத்தை, ஒளிய இடம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் நாமே வைத்துக் கொடுத்துவிட்டு, நடுவில் காரையும் நிறுத்துகிறோம்.

இதில் பருவக் கணக்கும் இருக்கிறது. புரட்டாசி ஐப்பசியில் போட்ட மக்காச்சோளத்தைத் தை மாசியில் ஒடிக்கிறோம். கதிர் நிற்கும் வரை எலிக்குக் காட்டிலேயே எல்லாம் கிடைக்கும். ஒடித்துத் தட்டையையும் அறுத்த பிறகு அங்கே தின்னவும் ஒன்றுமில்லை, மறையவும் ஒன்றுமில்லை. அதே வாரத்தில்தான் அந்தத் தானியம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. வீட்டைச் சுற்றி எலி பெருகுகிறது. அதே வாரத்தில்தான் பொங்கலுக்கு வந்த பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு விமானம் ஏறுகிறான். இன்னொரு சமயம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் வரப்பு வளையெல்லாம் தண்ணீர் நிரம்பினால் எலி மேட்டைத் தேடும். நம் வீடும் களமும் மேட்டில் இருக்கின்றன. ஆண்டுக்கு இந்த இரண்டு வேளையும் கவனமாக இருந்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

எந்த எலி என்று தெரிந்தால்தான் எங்கே தடுப்பது என்று தெரியும். வரப்பில் வளை தோண்டிக் கதிரை இழுத்துப் போய்ச் சேர்த்து வைப்பது கரம்பை எலி. அது மண்ணைத் தோண்டும் ஜாதி; ஏறுவதில் கெட்டிக்காரன் இல்லை. பெருச்சாளியும் அப்படித்தான், அஸ்திவாரத்தைத் தோண்டும். காருக்குள் ஏறுபவை பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று வீட்டெலி. உடம்பைவிட வால் நீளமாக இருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். கேபிள் மேல் நடக்கும், செங்குத்துச் சுவரில் ஏறும், உத்திரத்தில் ஓடும். மற்றொன்று சுண்டெலி. இது வயலிலும் உண்டு, வீட்டிலும் உண்டு. பென்சில் நுழைகிற சந்து இருந்தால் போதும், சுண்டெலி நுழைந்துவிடும். மண்டை ஓடு நுழைந்தால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு பின்னாலேயே வரும். வீட்டெலிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு சந்து வேண்டும், அவ்வளவுதான். அணிலையும் மறக்காதீர்கள். பகலில் வரும், தேங்காய் நாரும் பருத்தியும் கொண்டுவந்து பேட்டரிக்குப் பக்கத்தில் கூடு கட்டும்.

மூஞ்சூறைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட மூக்கோடு சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் அந்தப் பிராணியை எலி என்று அடித்துவிடுகிறார்கள். அது எலி இனமே இல்லை. கரப்பானும் பூச்சியும்தான் அதன் உணவு. வயரைக் கடிக்கும் பல் அதற்குக் கிடையாது. விட்டுவிடுங்கள்.

சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரம். பிறந்த குட்டி ஒன்றரை மாதத்தில் தானும் குட்டி போடத் தயார். பொங்கல் முடிந்து நிறுத்திய வண்டியைச் சித்திரையில் வந்து திறக்கிறவர், நுழைந்த ஜோடியின் பேரப்பிள்ளைகளைத்தான் பார்க்கிறார். அதனால்தான் ஒரே ஒரு எலிதானே என்று விடக்கூடாது என்கிறேன்.

சரி, வயரில் என்ன ருசி? ஒன்றுமில்லை. எலிக்கு முன்பல் நான்கும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கத்து எனாமலில் இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் அது மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரிகிறது, அவ்வளவு உறுதி. கடித்துக் கடித்துத்தான் அதைத் தேய்த்துக் கூராக வைத்துக்கொள்ள முடியும். வழியில் குறுக்கே வருவதைக் கடிக்கும், கூடு கட்ட மெத்தென்று இருப்பதைப் பிய்க்கும். வயரின் மேலுறை பல்லுக்குத் தோதான பருமன். பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தை, ஏசி பில்டர், சீட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு, இவை படுக்கை.

இப்போது வரும் கார்களில் சோயா எண்ணெயிலிருந்து செய்த வயர் உறை போடுகிறார்கள், அதன் வாசனைக்குத்தான் எலி வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் இதை வைத்துக் கார் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். எனக்கு அந்தக் காரணம் போதுமானதாகத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல 1942ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போர். ஸ்டாலின்கிராடுக்கு அருகில் ஜெர்மானியரின் 22ஆவது டாங்கிப் படைப்பிரிவு பல வாரம் சும்மா நின்றது. எரிபொருள் பற்றாக்குறை, அதனால் டாங்கிகளை ஓட்டிப் பார்க்கவில்லை. குளிருக்கும் மறைவுக்குமாகக் குழிக்குள் இறக்கி வைக்கோலைப் போட்டு மூடிவைத்தார்கள். நவம்பரில் சோவியத் படை எதிர்த்து வந்தபோது கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. நூற்றுச் சொச்சம் டாங்கிகளில் பாதிக்கு மேல் உடனே கிளம்பவில்லை. வைக்கோலில் குடியேறிய சுண்டெலிகள் மின் கம்பிகளின் உறையைக் கடித்துத் தீர்த்திருந்தன. சோயா வயர் பற்றி யாரும் பேசாத காலம் அது. அங்கே இருந்தவை மூன்று: வைக்கோல், இருட்டு, ஓடாத எஞ்சின். அந்த மூன்றும் இன்று நம் ஷெட்டிலும் இருக்கின்றன.

நாம் நேரில் பார்த்த சாட்சியமும் உண்டு. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மாதக்கணக்கில் வண்டிகள் நின்றன. தளர்வு வந்ததும் ஒர்க்ஷாப்புகளில் வரிசையாக வந்து நின்றது எலி கடித்த வண்டிதான் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். வயரின் தன்மை அந்த இரண்டு மாதத்தில் மாறிவிடவில்லை. ஓட்டம்தான் நின்றது.

ஒரு எலி கடிக்கலாம் என்ற சந்தேகமே எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இலங்கைச் செய்தி ஒன்று. 2024 பிப்ரவரியில் லாகூரிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஒரு எலி கண்ணில் பட்டது. மூன்று நாள் அந்தப் பெரிய விமானத்தை நிறுத்தி வைத்தார்கள். எலியைத் தேட மட்டும் இல்லை, எந்த இணைப்பையும் அது கடித்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளவும்தான். காரிலும் பிரேக் குழாய் இருக்கிறது, பெட்ரோல் குழாய் இருக்கிறது. எலி கடித்தது வயரை மட்டும்தான் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

முதல் வேலை, தீனியை வேறு இடத்துக்கு மாற்றுவது. இதற்கு ஒப்புக்கொள்ளாதவர்கள் மற்ற எதைச் செய்தாலும் பலன் குறைவு. மக்காச்சோள மூட்டைக்கும் காருக்கும் ஒரே கூரை வேண்டாம். வேறு இடமே இல்லை என்றால் தானியத்தை மூடியுள்ள தகர டிரம்மில் போடுங்கள். சாக்கு மூட்டை எலிக்கு ஒரு தடையே இல்லை. நம் முன்னோர் குதிர்களைக் கல் மேல் தூக்கி வைத்ததன் அறிவு இதில்தான் இருக்கிறது. புண்ணாக்கும் கோழித் தீவனமும் ராத்திரியில் திறந்து கிடக்கக் கூடாது. தட்டைப் போரையும் வைக்கோல் போரையும் ஷெட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள். சுவரோரம் செடி கொடி இருந்தால் வெட்டிவிடுங்கள். வெட்டவெளியைக் கடக்க எலிக்குப் பயம்; மேலே கூகை பார்த்துக்கொண்டிருக்கும்.

காருக்குள்ளேயும் தீனி இருக்கும். பேரப்பிள்ளை சிந்திய பிஸ்கட், டேஷ்போர்டில் மறந்த மிக்சர் பொட்டலம், கோயிலிலிருந்து கொண்டுவந்த தேங்காய் மூடி, பூசை போட்ட பழம். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மிதியடியைத் தூக்கி உதறி, சீட்டுக்கு அடியில் துடைத்து, டிக்கியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். டிக்கியில் கிடக்கும் பழைய துணி, பேப்பர், சாக்கு எல்லாம் கூடு கட்டும் சாமான். அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை சந்துகளை அடைப்பது. ராத்திரியில் ஷெட்டுக்குள் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் எலிக்கு வழி. நம் ஷெட்டுகளில் பெரிய ஓட்டை எங்கே என்றால், தகரத்தின் நெளிவுக்கும் சுவருக்கும் நடுவில் மேலே இருக்கிறது. எல்லோரும் கீழே ஷட்டரைப் பார்ப்பார்கள், மேலே பார்க்க மாட்டார்கள். வீட்டெலி மேலே வரும் ஜாதி என்று சொன்னேன். அந்த நெளிவைச் சிமெண்டால் அடைக்கலாம், கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை வெட்டி ஆணி அடிக்கலாம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்டைப் பூசினால் எலி அதைக் கடிக்காது. அதன் வாயில் குத்தும். தெர்மாகோல், துணி, பஞ்சு, நுரை, இவற்றால் அடைப்பது வீண். ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுவதும் அப்படியே; தகரப் பட்டை வேண்டும்.

ஷெட்டுக்குள் வரும் கரண்ட் வயர், தண்ணீர்க் குழாய், முட்டுக் கொடுத்த மரத்தூண் இவையெல்லாம் ஏணி. நம்மில் தென்னை வைத்திருப்பவர்கள் மரத்தில் வழுவழுப்பான தகரத்தை அகலமாகச் சுற்றி எலி ஏறாமல் செய்கிறோம். துறைமுகத்தில் கப்பல் கட்டும் கயிற்றில் வட்டத் தகடு மாட்டுவதும் அதே யோசனைதான். தூணுக்கும் குழாய்க்கும் அதையே செய்யுங்கள்.

சுவரே இல்லாத, நான்கு தூணும் கூரையும் மட்டும் உள்ள கொட்டகை என்றால் என்ன செய்வது என்று முன்வரிசையில் கேட்கிறீர்கள். அங்கே சந்தை அடைக்க முடியாது. காரைச் சுற்றி மூன்றடி உயரத்தில் வழுவழுப்பான தகரத்தால் வேலி போடலாம். எலியால் அதில் நகம் ஊன்ற முடியாது, அந்த உயரம் தாவுவதும் சிரமம். மலேசிய நெல் வயல்களில் இதேபோல் வேலி கட்டி, வேலியில் ஆங்காங்கே ஓட்டை விட்டு, ஓட்டைக்கு உள்பக்கம் கூண்டு வைத்துப் பிடிக்கும் முறை உண்டு. உங்கள் வேலியின் வாசல் பக்கத்திலும் ஒரு கூண்டை வைக்கலாம். வேலிக்கும் காருக்கும் நடுவில் ஒரு பொருளும் சாய்த்து வைக்காதீர்கள். ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தால் போதும், வேலி போட்டது வீண்.

காரைச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். நான்கு பக்கமும் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விடுங்கள். தரை வரை தொங்கும் கவர் எலிக்குக் கூடாரம். கூரை இருக்கிற இடத்தில் கவர் எதற்கு? தூசிக்காகப் போட்டே ஆக வேண்டும் என்றால் விளிம்பைச் சக்கரத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

காரில் செய்ய வேண்டியது சில உண்டு. எஞ்சின் அறை கீழ்ப்பக்கம் திறந்தது, அதை முழுக்க அடைக்க முடியாது. ஆனால் உட்காரும் பகுதிக்குள் நுழையாமல் பெரும்பாலும் தடுக்கலாம். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வழி இருக்கிறது. இலையும் எலியும் ஏசி பில்டருக்குப் போவது அந்த வழியில்தான். அங்கே கால் அங்குலக் கம்பி வலை பொருத்தித் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். நிறுத்தும்போது ஏசியில் உள்காற்றே சுற்றி வரும் நிலைக்கு அந்தப் பட்டனையோ லிவரையோ வைத்துவிட்டு அணையுங்கள். உள்ளே இருக்கும் மடல் மூடிக்கொள்ளும். காசில்லாத வேலை இது, பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடி ஒரு விரற்கடை கூடத் திறந்திருக்கக் கூடாது. சைலன்சர் வாயில் இரும்பு நாரைச் செருகலாம்; செருகினால் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள், எடுக்க மறந்து கிளப்பினால் ஆபத்து.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஓட்டம். வாரம் ஒருமுறை வண்டி வெளியே போய்வந்தால் கூடு கட்ட எலிக்கு அவகாசம் கிடைக்காது. வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இல்லை என்றால் நம்பகமான ஒரு தம்பியிடம் சாவி கொடுத்துச் சின்னசேலம் வரை ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். அதற்கு அவருக்கு ஒரு தொகையும் கொடுங்கள். பேட்டரிக்கும் அது நல்லது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா நிற்கக் கூடாது, அந்தப் புகை உயிரை எடுக்கும். வண்டியை வெளியே எடுக்கவே வழியில்லாத வீட்டில், வாரம் ஒரு நாள் ஷட்டரைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்து மூடினாலே போதும். அம்மாக்களே செய்யலாம். அரிசி மணி அளவு கறுப்புப் புழுக்கை இருந்தால் சுண்டெலி, அதைவிடப் பெரிதாக இருந்தால் வீட்டெலி. பழசு உலர்ந்து உதிரும், புதுசு மெத்தென்று பளபளப்பாக இருக்கும். ஒரு வாரம் கவனித்துப் பார்த்தாலே வித்தியாசம் பிடிபடும்.

வாசனை வைத்தியங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புகையிலைக் காம்பை எஞ்சின் அறையில் கட்டுவது நம் டிரைவர்களின் பழைய வழக்கம். கற்பூரம், நாப்தலின் உருண்டை, மிளகாய்த்தூள், புதினா எண்ணெய் எல்லாம் வைக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது எலி தயங்கும், உண்மைதான். காற்று பட்டு வாசனை போனதும் தயக்கமும் போகும். சில நாளில் பழகியும் விடும். வாராவாரம் மாற்றுகிறவருக்கு ஓரளவு உதவலாம், பொங்கலுக்குக் கட்டிவிட்டுச் சித்திரையில் பார்க்கிறவருக்கு உதவாது. நாப்தலின் உருண்டையைக் காருக்குள் போடாதீர்கள். அதன் ஆவி குழந்தைகளுக்குக் கெடுதல். பிறவியிலேயே சில நொதிக் குறை உள்ள குழந்தைக்கு ரத்த அணுவே உடையும். மிளகாய்க் காரத்தில் மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹோண்டா கம்பெனி மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த டேப் ஒன்றை வயரில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. காரம் டேப்பிலேயே இருப்பதால் கடிக்கும்போது நேரே வாயில் படும். பொடியைத் தூவினால் காற்றில் பறந்து நம் கண்ணில்தான் விழும்.

காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி எலியை விரட்டும் கருவிகள் வேறு விற்கின்றன. இத்தகைய கருவிகளை விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் காசுக்குக் கம்பி வலையும் சிமெண்டும் வாங்கலாம்.

விஷம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

கார் ஷெட்டுக்கு எலி விஷம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. இன்று கடைகளில் கிடைக்கும் கேக் மருந்துகள் ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துக் கொல்லும். அந்தச் சில நாளும் அது காருக்குள் வயரைக் கடித்துக்கொண்டுதான் இருக்கும். கடைசியில் டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் சாகும். நாற்றம் போக டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். செத்த எலியைத் தின்ற கூகையும் சாரையும் பூனையும் சாகும். நமக்காக ராத்திரியெல்லாம் எலி பிடிக்கும் ஜீவன்களை நாமே கொன்றுவிட்டு அடுத்த வருஷம் இன்னும் அதிக எலியோடு நிற்போம். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டிக் குடியமர்த்துகிறார்கள். நம் வேளாண் துறையும் வயலில் பறவை உட்காரக் குச்சி நடச் சொல்கிறது. களத்து ஓரத்தில் ஒரு குச்சி நடுங்கள்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை மருந்து இன்னும் பயங்கரம். தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. எங்காவது பழைய டியூப் கிடந்தாலும் வைத்திருக்காதீர்கள். அது மனிதர் வயிற்றில் போனால் முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், பிறகு கல்லீரல் செயலிழக்கும். முறிவு மருந்து கிடையாது. குழந்தை இருக்கும் வீட்டில், மனம் கலங்கிய நேரத்தில் யாராவது கைநீட்டக்கூடிய வீட்டில், அது இருக்கவே கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியை ராத்திரி முழுக்கச் சுவாசித்த குடும்பத்தில் இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, மூடிய இடத்தில் விஷம் வையுங்கள் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது. நம் ஷெட்டுகள் பெரும்பாலும் படுக்கையறைச் சுவரை ஒட்டியே இருக்கின்றன.

பொறிதான் சரி. அடிபொறியோ கூண்டோ, ஒன்று வைத்துப் பயனில்லை, ஒரே நாளில் நாலைந்து வையுங்கள். எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும் சுபாவம் கொண்டது. அதனால் முதல் மூன்று நாள் பொறியை இழுத்து மாட்டாமல், மல்லாட்டையோ கருவாடோ மட்டும் வைத்துத் தின்னப் பழக்குங்கள். நாலாம் நாள் மாட்டுங்கள். நடு இடத்தில் வைக்காதீர்கள். எலி சுவரை உரசிக்கொண்டு நடக்கும், பொறியின் வாய் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். பசை தடவிய அட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எலி நாள்கணக்கில் துடித்துச் சாகும்; ஓணானும் பல்லியும் குருவியும் சேர்ந்து மாட்டும்.

வயலில் எலி பிடிக்க இருளர் குடும்பங்களை நாம் காலங்காலமாக நம்பியிருக்கிறோம். மண் கலயத்தில் தீ வைத்து வாயால் ஊதி வளைக்குள் புகை ஏற்றுவார்கள். அந்தப் புகை அவர்கள் நெஞ்சிலும் ஏறியது, உதடு வெந்தது. சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இருளருக்காகக் கையால் சுழற்றும் இரும்புப் புகைக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். 2003இல் அந்தத் திட்டத்துக்கு உலக வங்கியின் பரிசு கிடைத்தது. அறுவடை முடிந்த வாரத்தில், எலி களத்துக்கு வருவதற்கு முன்பே, நாலைந்து காட்டுக்காரர்கள் சேர்ந்து அவர்களைக் கூப்பிட்டு, பிடித்த எலிக் கணக்கில் கஞ்சத்தனம் பார்க்காமல் நல்ல கூலி கொடுங்கள். ஒருவர் மட்டும் பிடித்தால் பக்கத்து வரப்பு எலி அந்த இடத்துக்கு வந்துவிடும். வெறும் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு காட்டை விட்டுவிட்டால் ஆண்டுதோறும் இதையே பேசிக்கொண்டிருப்போம்.

கடைசியாக, ஊருக்கு வந்து இறங்கும் தம்பிகளுக்கு. பெட்டியை வைத்ததும் சாவியைத் திருகாதீர்கள். முதலில் பானெட்டைத் தட்டிவிட்டுத் திறங்கள்; பூனை படுத்திருக்கலாம், எலியைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம். ஜப்பானில் நிசான் கம்பெனி இதற்காகவே, கிளப்புவதற்கு முன் பானெட்டைத் தட்டுங்கள் என்று ஓர் இயக்கம் நடத்தியது. சூடாகும் சைலன்சர் பகுதிக்குப் பக்கத்தில் காய்ந்த நாரோ பஞ்சோ இருந்தால் முழுக்க எடுங்கள், அதில் தீப்பிடித்து எரிந்த வண்டிகள் உண்டு. தரையில் ஈரம் இருக்கிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா பாருங்கள். பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள். உறுதியாக நிற்காமல் உள்ளே போனால் வண்டியை நகர்த்தவே கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கடித்த இடத்தைத் தொடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்சூரன்சில் எலிக்கடிக்கு இடம் உண்டா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள், கடித்த பிறகு கேட்பது தாமதம்.

கூட்டையும் புழுக்கையையும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போகும். பெருக்கினால் தூசி மூக்கிலும் ஏறும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, பிளீச்சிங் தண்ணீரைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, ஈரத் துணியால் அள்ளிக் குழியில் புதையுங்கள். ஏசி பில்டரைப் புதிதாக மாற்றும்வரை ஏசி போட வேண்டாம். பழைய பில்டரில் இருப்பதெல்லாம் முதல் காற்றோடு குழந்தைகள் முகத்தில்தான் வந்து விழும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், உடம்பு வலி, கண் சிவப்பு எது வந்தாலும், எலி இருந்த வண்டியைச் சுத்தம் செய்தேன் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.